வர்ஷினி போட வேண்டிய பாதி

நானும் வர்ஷினியும் இரட்டைப் பிள்ளைகள். இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்கிற கேள்விகளுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், ஒரே முகம், ஒரே குரல். இல்லை, அவளை அடித்தால் எனக்கு வலிக்காது. கொஞ்சம் முன்னால் பிறந்ததால் அவள் பெரியவள். சைத்ராவாகிய நான் சின்னவள். பல்லடத்தில் எங்கள் தெருவில் எங்களை அடையாளம் காண ஒரு சுலபமான வழி வைத்திருக்கிறார்கள். "டீ குடிக்கறயா கண்ணு?" என்று கேட்பார்கள். "சரிங்க" என்றால் வர்ஷினி, "வேண்டாமுங்க" என்றால் நான். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காக நான் குடிக்காமல் விட்ட டீ கொஞ்சநஞ்சமில்லை.

அம்மா எங்களை வளர்த்ததே பாதிக் கணக்கில்தான். ஒரு தேங்காய் பன் வாங்கினால் கத்தியால் நடுவில் வெட்டி ஆளுக்குப் பாதி. ஒரு கொய்யா என்றாலும் பாதி. அதே பழக்கம் வீட்டுப்பாடத்துக்கும் வந்தது. முதல் பாதிக் கணக்கை அவள் போடுவாள், மீதியை நான் போடுவேன், அப்புறம் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி எழுதிக்கொள்வோம். கையெழுத்தும் ஒன்றாக இருந்ததால் எந்த டீச்சரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்திருந்தால் பின்னால் எனக்கு இத்தனை வெட்கம் வந்திருக்காது.

கோயமுத்தூரில் ஒரே கல்லூரியில் இரண்டு பேரும் எலக்ட்ரானிக்ஸ் படித்தோம். மூன்றாம் வருஷம் ஒரு பாடம் வந்தது. எங்களைப் பார்த்துத்தான் எழுதினார்களோ என்று தோன்றியது. ஒரு சர்க்யூட்டின் இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்தது போல ஒரே மாதிரி இருந்தால், ஒரு முனையின் இன்புட் இம்பீடன்ஸை, அதாவது அந்த முனையில் மின்சாரத்தைச் செலுத்தினால் சர்க்யூட் எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்பதை, சுலபமாகக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முழு சர்க்யூட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். நடுவில் ஒரு கோடு போட்டு, பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, அதை இரண்டு விதமாகக் கணக்குப் போட்டால் போதும்.

எங்கள் அப்பாவின் விசைத்தறி ஷெட்டுக்குப் பின்னால் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள் இருக்கின்றன. நடுவில் ஒரு குழாய் இரண்டையும் இணைக்கிறது. இரண்டு தொட்டியையும் ஒரே வேகத்தில் நிரப்பினால் நடுக்குழாயில் தண்ணீர் எந்தப் பக்கமும் போகாது. குழாயை அங்கே வெட்டி இரண்டு முனையையும் அடைத்துவிட்டாலும் தொட்டிகளுக்குத் தெரியாது. இதுதான் ஈவன் மோடு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கொடுப்பது. நடுக்கோட்டில் வெட்டிவிடலாம், ஒன்றும் ஆகாது. ஒரு தொட்டியை நிரப்பிக்கொண்டே அடுத்ததை அதே வேகத்தில் காலி செய்தால் அது ஆட் மோடு. அப்போது தண்ணீர் ஓடும், ஆனால் நடுப்புள்ளி ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. சர்க்யூட்டில் அந்த இடத்தைப் பூஜ்யம் என்று எழுதித் தரையோடு சேர்த்துவிடுவார்கள். இந்த இரண்டு விடையையும் கூட்டிப் பாதியாக்கினால், ஒரு முனைக்கு மட்டும் கொடுத்து அடுத்த முனையைச் சும்மா விட்டால் என்ன வரும் என்பது கிடைத்துவிடும்.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். நாங்கள் ஒற்றுமையாக இருந்தால் நடுவில் அம்மாவுக்கு வேலை இல்லை. சண்டை போட்டால் அம்மா அடுப்படியில் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். பாடத்தைப் படித்த அன்றே வர்ஷினி, "ஈவன் என்னுது, ஆட் உன்னுதுடி" என்று பிரித்துவிட்டாள். சரி என்பவளுக்கு ஈவன், வேண்டாம் என்பவளுக்கு ஆட். எத்தனையோ சர்க்யூட்டுகளை அப்படித்தான் போட்டோம். தன் பாதி முடிந்ததும் விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டு பேனாவை வைத்துவிடுவாள். நானும் அப்படியே. யார் கடைசியில் முடிக்கிறாளோ அவள் கூட்டிப் பாதியாக்குவாள். பரீட்சையில் அந்தக் கேள்வியை 'அல்லது' போட்டுக் கேட்டிருந்தார்கள். இரண்டு பேருமே தனித்தனி ஹாலில் உட்கார்ந்து, அதை விட்டுவிட்டு மாற்றுக் கேள்வியை எழுதிவிட்டு வந்தோம். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

படிப்பு முடிந்ததும் வர்ஷினிக்குத் தாராபுரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பெயர் கிருபாசங்கர். அமைதியான ஆள், தென்னந்தோப்பு, தேங்காய் வியாபாரம். அவர்கள் வந்து போன பிறகு அப்பா கேட்டதற்கு அவள் "சரிங்கப்பா" என்றாள். அவளுடைய 'சரி'யைப் பிறந்ததிலிருந்து கேட்டு வருகிற எனக்கு, இது வேறு 'சரி' என்று உடனே தெரிந்தது. காது மடல் சிவந்திருந்தது. எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. கிருபாசங்கருக்கு ஒரு தம்பி இருந்தான்.

ஒறம்பரை, சொந்தபந்தம் மொத்தமும் ஒன்றுகூடிவிட்டது. "ரெண்டு புள்ளைங்களையும் ஒரே ஊட்டுல குடுத்துப்போட்டா நல்லதுதானுங்க, பிரியாம இருக்கும்" என்று சுப்பாத்தாள் அத்தை ஆரம்பித்து வைத்தாள். அதன் பிறகு அப்பா வேறு எதையும் யோசிக்கவே இல்லை. என் அப்பா நஞ்சுண்டன் கெட்ட மனிதர் இல்லை. நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தியையும் வீட்டில் நிறுத்திவிடுவார், தனியாகப் போனால் பயந்துகொள்வாள் என்று. எங்களைச் சேர்த்து வைப்பதுதான் பாசம் என்று அவருக்கு மனதில் பதிந்துவிட்டது.

அந்தத் தம்பியைப் பற்றியும் குறையாகச் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல பையன்தான். எனக்கு வேண்டாம், அவ்வளவுதான். கோயமுத்தூரில் ஆன்டெனாவுக்கான சர்க்யூட் போர்டு வடிவமைக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். அங்கே போக வேண்டும், என் கையால் செய்த போர்டில் சிக்னல் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அப்பாவிடம் சொன்னேன். வேண்டாமுங்கப்பா என்று நின்றுகொண்டு சொன்னேன், உட்கார்ந்து சொன்னேன், கத்தியும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீ எதுக்குத்தான் கண்ணு வேண்டாங்கல?" என்றார். அதில் தப்பும் இல்லை. வாழ்நாள் முழுக்க டீயையும் பஜ்ஜியையும் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி, உண்மையாகவே வேண்டாத ஒன்று வந்தபோது என் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது.

"வேலையாவது கெடைக்குட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றார் அப்பா. அதற்கு அர்த்தம் என்ன என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசி முடிக்கத் தாராபுரத்துக்காரர்கள் வருவதாக ஏற்பாடானது. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை எனக்கு இன்டர்வியூ வந்தது. வேலை கையில் இருந்தால் அப்பாவிடம் காட்ட ஒன்றாவது இருக்கும். அதுவும் இல்லையென்றால் என் கதை ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது.

வர்ஷினி இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இன்டர்வியூவுக்கு என் சுடிதாரை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் சொன்னாள்.

"நீயும் அங்கயே வந்துட்டீன்னா எனக்குப் பயமில்லடி."

எனக்குக் கோபம் வந்தது. இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கலாமா என்று நினைத்தேன். அடுத்த நிமிஷமே அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் துப்பட்டாவை மடித்தேன்.

வெள்ளிக்கிழமை அவளும் கூடவே வந்தாள். அவள் வராமல் நான் எங்கேயும் போனதில்லை. கம்பெனி பீளமேட்டில் ஒரு சந்துக்குள் மாடியில் இருந்தது. எதிரே ஒரு பேக்கரி. "நான் இங்க இருக்கறேன், நீ போயிட்டு வா" என்று அவள் பேக்கரி வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மாடிப்படி ஏறி நான் திரும்பிப் பார்த்தேன். அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனியை நடத்துகிறவர் உஸ்மா மேடம். கோட்டைமேட்டுக்காரர், அப்பாவைவிடக் கொஞ்சம் சின்ன வயது இருக்கும். தலையில் வெளிர் நீலத் துணி, மூக்கு நுனியில் கண்ணாடி. என் மார்க்கையோ சர்டிபிகேட்டையோ பெரிதாகப் பார்க்கவில்லை. போர்டில் ஒரு சர்க்யூட்டை வரைந்தார். குறுக்கும் நெடுக்குமாக மின்தடைகள், இரண்டு பக்கமும் அச்சாக ஒரே மாதிரி.

"இந்த எடது முனையில இன்புட் இம்பீடன்ஸ் எவ்வளவுங்க? வலது முனை சும்மா தொறந்து கெடக்குது. ஈவன், ஆட் வெச்சே போடுங்க அம்மணி, அவசரமில்ல."

எனக்கு உள்ளுக்குள் குதிக்கலாம் போல இருந்தது. இது எங்கள் கணக்கு. நடுவில் கோடு போட்டேன். கோட்டில் விழுந்த இடத்தையெல்லாம் பூஜ்யம் என்று எழுதித் தரையோடு சேர்த்தேன். மிச்சம் இருந்ததைக் கடகடவென்று சுருக்கினேன். இருபது ஓம். கீழே இரண்டு கோடு போட்டேன். மார்க்கரை மூடி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

உஸ்மா மேடம் போர்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அவ்வளவுதானுங்களா?"

"ஆமாங்க மேடம்."

"மீதி?"

"மீதி அவ போட்டுட்டு இருப்பாங்க" என்றேன்.

சொன்ன பிறகும் எனக்குப் புரியவில்லை. "யாருங்க?" என்று அவர் அறையைச் சுற்றிப் பார்த்தபோதுதான் புரிந்தது. காது முதல் கழுத்து வரை சூடேறியது. படியிறங்கி ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தேன். ஓடினால் நேரே தாராபுரம்தான்.

"என்ற அக்காங்க மேடம். நாங்க ரெட்டைங்க. எப்பவும் ஈவன் மோடு அவதான் போடுவா. நான் ஆட் மட்டும் போடுவேன்."

"காலேஜ் பூராவுமா?"

"பள்ளிக்கூடத்துல இருந்தேங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. ஆனாலும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சரிங்க, அக்கா இப்ப இங்க இல்ல. நீங்களே போடுங்க, நான் உக்காந்திருக்கறேன்" என்றார்.

மார்க்கரைத் திரும்ப எடுத்தேன். என்னைக் கேட்டால், என் வாழ்க்கையிலேயே கஷ்டமான கணக்கு அதுதான். ஈவன் மோடு ஆட் மோடைவிடச் சுலபம் என்று யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். நடுக்கோட்டில் வெட்ட வேண்டியது, மிச்சத்தைச் சுருக்க வேண்டியது. எனக்குக் கை வரவில்லை. அப்புறம் வர்ஷினி எப்படிப் போடுவாள் என்று யோசித்தேன். அவள் எப்போதும் மேல் மூலையிலிருந்துதான் ஆரம்பிப்பாள், உதட்டை அசைத்துக்கொண்டே. நானும் உதட்டை அசைத்துக்கொண்டு மேல் மூலையிலிருந்து ஆரம்பித்தேன். வெட்டின இடத்தில் அவள் போடுகிற மாதிரியே இரண்டு சின்னக் கீறல் போட்டேன். அறுபது வந்தது. அறுபதும் இருபதும் எண்பது. பாதி நாற்பது. நாற்பது ஓம் என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

உஸ்மா மேடம் விடவில்லை.

"வலது பக்கம்தான் சும்மா கெடக்குதுங்களே. நாம அங்க ஒண்ணுமே குடுக்கல. அப்பறம் எதுக்குங்க அதையும் சேத்திக் கணக்குப் போடறோம்?"

"சும்மா இருந்தாலும் அது சர்க்யூட்டுல இருக்குதுங்களே மேடம்" என்றேன். "அங்க ஒண்ணும் இல்லங்கறதே ஈவன்ல குடுத்த நேரும் ஆட்ல குடுத்த எதிரும் சேந்து பூஜ்யமானதுதானுங்க. அந்தப் பக்கம் இல்லாம இருந்தா இந்தப் பக்கத்துக்கு இந்த நாப்பது வராதுங்க."

இதைப் பாடத்துக்காகத்தான் சொன்னேன். ஆனால் சொல்லி முடிக்கும்போது என் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"திங்கக்கிழமை வந்துருங்க. தனியா வாங்க" என்றார்.

படியிறங்கி வந்தபோது வர்ஷினி அதே நாற்காலியில் இருந்தாள். மேஜையில் ஒரே ஒரு தேங்காய் பன், நடுவில் வெட்டி வைத்திருந்தது. எனக்காகத் தொடாமல் வைத்திருந்தாள். "என்ன கேட்டாங்க?" என்றாள். எப்போதும் முதலில் கேட்பது இதைத்தான். கிடைத்ததா என்று கேட்கமாட்டாள்.

பேக்கரிக்காரரிடம் ஒரு பேப்பர் வாங்கி சர்க்யூட்டை வரைந்து காட்டினேன். "அட" என்று பேனாவைப் பிடுங்கினாள். மேல் மூலையிலிருந்து ஆரம்பித்தாள், உதட்டை அசைத்துக்கொண்டே. நடுவில் இரண்டு கீறல் போட்டு வெட்டினாள். அறுபது. கீழே இரண்டு கோடு. பேனாவை வைத்துவிட்டு, பேப்பரை என் பக்கம் தள்ளிவிட்டு, தன் பாதிப் பன்னைக் கையில் எடுத்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்த எனக்கு எப்போது அழுகை வந்தது என்று தெரியவில்லை.

"என்னடி புள்ள? ஏன் அழுவுற?"

பேப்பரை அவள் பக்கமே திருப்பித் தள்ளினேன். "மீதியும் நீயே போடு."

"ஆட் உன்னுதில்ல?"

"நான் மேல ஈவனையும் போட்டுட்டுத்தான் வந்தேன். மீதிய அவ போடுவான்னு சொல்லிப்போட்டு, முழிச்சுட்டு நின்னேன். அப்பறம் போட்டேன்."

அவள் கையிலிருந்த பன்னைக் கீழே வைத்தாள். அவளுக்கு எதையும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை.

"வேலை கெடச்சிருச்சு" என்றாள். அது கேள்வி இல்லை.

"திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க."

பேப்பரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அப்புறம் பேனாவை எடுத்தாள். நடுக்கோட்டில் பூஜ்யம் எழுதுவதற்கே அவளுக்கு மனசு வரவில்லை, இரண்டு தடவை அடித்து எழுதினாள். ஒவ்வொரு இடத்திலும் தடுமாறினாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அது எனக்குப் பெரிய காரியம். கடைசியில் இருபது வந்தது. கூட்டி, பாதியாக்கி, நாற்பது எழுதினாள்.

"எல்லா எடத்துலயும் எதுத்துட்டே நிக்கோணுமாடி? எனக்கு அலுத்துப்போச்சு. நீ எப்படித்தான் இத்தன வருசமா இதப் போட்டுட்டு இருந்த?"

"பழகிப்போச்சு" என்றேன்.

அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அப்பாவுக்குத்தான் போடுகிறாள் என்று தெரிந்ததும் நான் கையை நீட்டினேன். வேலை கிடைத்ததை நான்தான் சொல்ல வேண்டும், நான்தான் சண்டை போட வேண்டும். அவள் தரவில்லை. ஸ்பீக்கரைப் போட்டு மேஜையில் வைத்தாள். அந்தப் பக்கம் தறி ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் அப்பா குரல் வந்தது.

"சொல்லு கண்ணு."

"அப்பா, சின்னவளுக்கு வேலை கெடச்சிருச்சுங்க. ஞாயித்துக்கிழமை எனக்கு மட்டும் பேசுங்கப்பா. அவளுக்கு வேண்டாமுங்க."

அப்பா சிரித்தார்.

"ஏங்கண்ணு சைத்ரா, அக்கா போனெடுத்து வெளையாடறயா?"

"நான் வர்ஷினிதானுங்கப்பா."

"அவ வேண்டாம்னெல்லாம் சொல்ல மாட்டாளே சாமி."

வர்ஷினிக்கு நான் அந்த வீட்டுக்கு வர வேண்டும். யாரும் பழக்கமில்லாத அடுப்படியில் நான் பக்கத்தில் நிற்க வேண்டும். இது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். "வேண்டாமுங்கப்பா" என்றாள் மறுபடியும். "எனக்கும் அவ கூட இருந்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா அவளுக்கு இது வேண்டாமுங்க."

நான் போனுக்குப் பக்கத்தில் குனிந்தேன். "அப்பா, சைத்ரா பேசறனுங்க. அக்கா சொல்றது சரிங்கப்பா."

அந்தப் பக்கம் தறிச் சத்தம் குறைந்தது. அப்பா ஷெட்டை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். பெரியவள் வேண்டாம் என்கிறாள், சின்னவள் சரி என்கிறாள். பாவம், அவருக்கு யார் யாரென்றே பிடிபட்டிருக்காது.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சொல்றீங்களா?" என்றார் கடைசியில்.

"ஆமாங்கப்பா" என்றோம் ஒரே நேரத்தில்.

"அப்பச் சரி. நான் அவியகிட்டப் பேசிக்கறேன்." அப்புறம் என்னைக் கேட்டார். "சின்னவளே, வேலைக்கு எங்கிருந்து போவ? தெனமும் பஸ்ஸுலயா? நாளைக்கு ரோசனை பண்ணலாம். பொழுதோட ஊட்டுக்கு வந்து சேருங்க." போனை வைத்துவிட்டார்.

வர்ஷினி அந்தப் பேப்பரை எடுத்து, நடுக்கோட்டில் தான் போட்ட இரண்டு கீறலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். எத்தனையோ சர்க்யூட்டை அந்த இடத்தில் வெட்டினவள்.

"இங்க வெட்டினா ஒண்ணும் ஆகாதில்ல?" என்று என்னைக் கேட்டாள்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா ஒண்ணும் ஆகாதுடி" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். பன்னின் ஒரு பாதியை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.